அடுத்த மாடலில் எனக்கு இடம் உண்டா?

டிரைவர் என்ற பெயரில் நான் சம்பளம் வாங்கிய காலத்தில் காரை ஓட்டியது என் துரை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காற்று வாங்கியது அவருடைய நாய். நான் வெளியே கால்பலகையில் நின்று, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூச்சி புகாதபடி வாயை இறுக மூடிக்கொண்டு வந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரைக்கும் இப்படிப் போய்வருகிறவனுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் நடந்தது. துரை என்றால் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர். அவரிடம் முதலில் பெரிய கார் ஒன்று இருந்தது. அதை நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் சாய்ந்து சுருட்டுப் பிடிப்பார், நான் முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பேன். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். நானும் பார்க்காத மாதிரி பார்ப்பேன். அப்புறம் துரைக்கு என்ன வந்ததோ, பெரிய காரை விற்றுவிட்டு இரண்டே பேர் உட்காரும் ஒரு சின்ன சிவப்பு வண்டியை வாங்கினார். அதை ஆபீஸ் கணக்குப் பார்க்கும் எங்கள் பெரிய கிராணி ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று சொல்லித் தந்தார். வேகமாகப் போவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாதாம். அப்படிப்பட்ட காரை முதலாளியே ஓட்ட வேண்டுமாம், டிரைவரிடம் கொடுத்தால் கௌரவக் குறைவாம்.

அப்படியும் துரை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த வண்டிக்கு முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். சுற்றுகிற வேகத்தில் கைப்பிடி எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு போய்விடும். துரையின் மணிக்கட்டு விலை உயர்ந்தது. அதனால் சுற்றுவதற்கு நான். மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மாட்டுவதற்கு நான். வண்டி கொதித்தால் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதற்கும், துரை கிளப்பில் குடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வண்டிக்குக் காவல் நிற்பதற்கும் நான்தான். காவலுக்கு நாய் இருந்ததே என்று கேட்காதீர்கள். நாய் கிளப்புக்குள் போய்விடும்.

இதெல்லாம் எனக்குப் பெரிய கவலையாக இருந்திருக்காது. சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு பெண் மேல் ஆசை வந்து தொலைத்தது. அவள் தோட்டத்துச் சின்னக் கங்காணியின் மகள். அப்பாவின் கீழேயே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். துரையோடு தொங்கிக்கொண்டு நான் ஸ்டோருக்குப் போகும் நேரத்தில், பால் நிறுக்கும் வரிசையில் வாளியோடு நிற்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மொகத்துல என்ன, தோட்டத்து மண்ணெல்லாம் ஒங்க மேலயா இருக்கு? நாயி மட்டும் சுத்தமா எறங்குது” என்றாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

துரை பங்களாவில் சமைக்கிறவர் எனக்குச் சிநேகிதர். குசினிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவரைக் கங்காணியிடம் பேச அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாருண்ணே?”

“சொல்லட்டுமா?”

“சொல்லுங்கண்ணே.”

“அந்தக் காடியில ஒக்காந்து வர்றது நாயிதான்யா, டிரைவரு தொங்கிக்கிட்டுல்ல வர்றான், பொண்ணு குடுக்கணும்னா அந்த நாயிக்குக் குடுக்கலாம்னாரு.”

குசினிக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே மாரியம்மன் கோயில் வாசலில் கங்காணியைப் பிடித்தேன். அவர் கோயிலுக்கு வந்த மரியாதைக்குத் திட்டவில்லை, நிதானமாகவே பேசினார். “தொர புது காடி வாங்கப் போறாருன்னு பேச்சு இருக்கு. வரட்டும். அதுல நீ சீட்டுல ஒக்காந்து, நம்ம லயத்து வழியா வா. வந்தீன்னா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம். ஆத்தா சாட்சியாச் சொல்றேன்.” கோயிலுக்கு வந்திருந்த பாதித் தோட்டம் அதைக் கேட்டது. நடக்காது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அது தெரியும்.

அன்று முதல் வரப்போகும் வண்டியைப் பற்றிய ஆராய்ச்சி எனக்கு வயிற்றுப் பிழைப்பை விடப் பெரிய விஷயமாகிவிட்டது. துரை அடுத்த மாடலைத்தான் வாங்குவார், அது இன்னும் சீமையிலிருந்து கப்பலேறவில்லை என்பது மட்டும் நிச்சயம். அதில் இரண்டு சீட்டா, மூன்றா? டிரைவருக்கு ஏதாவது ஒரு மூலை உண்டா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கார்க் கொட்டகையில் கூட்டம் கூடும். நான் வண்டி துடைப்பேன். மற்றவர்கள் அதன் மேல் சாய்ந்துகொண்டு, நான் துடைத்த இடத்தையெல்லாம் கைரேகையாக்கிக்கொண்டு பேசுவார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் அவர்தான் எல்லாம். துரை படித்துவிட்டுப் போடும் மோட்டார்ப் பத்திரிகைகளை எடுத்துவந்து படம் காட்டி விளக்கம் சொல்வார். எதிர்க்கட்சி குசினிக்காரர். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் துரை விருந்தாளிகளோடு சாப்பிடும்போது பின்னால் நிற்கிறவர் அவர்தான். ஒருவருக்குப் பத்திரிகை, இன்னொருவருக்குச் சூப்புக் கிண்ணம். இரண்டும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

“வாற மாடலிலை நாலு சில்லுக்கும் பிரேக்காம்” என்று கிராணி சக்கரங்களைக் காட்டித் தொடங்குவார். “இப்ப ரெண்டுக்குத்தான் இருக்கு.”

“நாலையும் ஒண்ணா புடிச்சா காடி குப்புற விழுந்துராதா?” என்பார் கங்காணி. அவரும் வருவார். என் தலையெழுத்து எப்படி மோசமாகிறது என்று நேரில் பார்த்து ரசிக்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

“கங்காணி, உமக்கு இது விளங்காது. சும்மா இரும்.”

குசினிக்காரர் தொண்டையைச் செருமுவார். “தொர டாக்டர்கிட்ட சொன்னாரு. புது காடிக்கு வாலு இருக்காம். பின்னாடி மீனு மாதிரி கூராப் போவுமாம். காத்த வெட்டிக்கிட்டுப் போறதுக்கு.”

வால் என்று கேட்டதும் நான் துடைப்பதை நிறுத்தினேன். பின்பக்கம் கூரானால் அங்கே ஒரு ஆள் எப்படி உட்காருவான்? கிராணி உடனே வாலை மறுத்தார். அவருடைய பத்திரிகையில் மூன்று சீட் மாடல் ஒன்று வரப்போவதாகப் போட்டிருந்ததாம். முன்னால் இரண்டு, பின்னால் நடுவிலே ஒன்று, மூவிலைத் தழை மாதிரி. நான் துணியைக் கீழே போட்டுவிட்டு, “அண்ணே, அந்த மூணாவது எடத்துல யாரு ஒக்காருவாங்களாம்?” என்று கேட்டேன்.

“வேலையாள்தான், வேறை ஆர்?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய சைக்கிளை ஒரு மாதம் இலவசமாகத் துடைத்துக் கொடுத்தேன்.

இப்படி வாரத்துக்கு ஒரு மாடல் பிறந்து செத்தது. துரை கல்யாணம் செய்தால் நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த பெட்டி மாடல் வரும் என்றார் ஒருவர். துரையைப் பார்த்தால் கல்யாணம் செய்கிற ஆளாகத் தெரியவில்லை என்று குசினிக்காரர் அதைத் தள்ளுபடி செய்தார். இதே வண்டியில் பால் ஏற்றுகிற மாதிரி பின்பக்கம் நீளமாக ஒன்று வந்தால் தேவலை என்றார் கங்காணி. ஸ்போர்ட்ஸ் காரில் பால் ஏற்றினால் தயிராகித்தான் இறங்கும் என்று நான் சொன்னேன். மாமனார் ஆக வேண்டியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், ஆனால் எனக்கு நாக்கு நிற்பதில்லை.

எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்திய வதந்தி வேறு. பித்தானை அழுத்தினால் வண்டி தானே கிளம்பும், கைப்பிடி சுற்ற வேண்டாம் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அப்படி வந்தால் எனக்குச் சீட் என்ன, வேலையே கிடையாது. கிராணி அதைப் பெரிய முன்னேற்றம் என்று புகழ்ந்தார். எனக்கு அவர் வாயில் புழுதியை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். பிள்ளை வரம், மழை, காய்ச்சல் என்று கேட்டுப் பழகிய ஆத்தாளிடம் நான்தான் முதன்முதலாகப் பின் சீட் கேட்டவனாக இருப்பேன். சீட் வைத்தால் தேங்காய் உடைக்கிறேன், பித்தானை மட்டும் வைக்காதே தாயே என்றேன்.

ஸ்டோரில் ஒரு நாள் அவளே கேட்டாள். வாளியை இறக்கி வைத்துவிட்டு, யாரோ எவரோ மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “கிராணி இந்த வாரம் என்ன சொல்றாரு?” என்றாள்.

“மூணு சீட்டுங்கிறாரு.”

“போன வாரமும் அதானே. கப்பல் ஏறுச்சா இல்லியா?”

“ஏறிடுச்சாம்.”

“அப்போ சீட்டும் ஏறியிருக்கும் இல்லாட்டி ஏறியிருக்காது. இனிமே பேசி என்னா?” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நியாயமான பேச்சுத்தான், ஆனாலும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்த நாள் வந்தது. துரை பழைய சிவப்பு வண்டியை ஈப்போவில் உள்ள கார்க் கடைக்கு ஓட்டிப்போனார், கடைசித் தடவையாக நான் கால்பலகையில் தொங்கினேன். அங்கே பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பதாக ஏற்பாடு. கடைக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே நின்றதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

நாலு சக்கரம் இருந்தது. எஞ்சின் இருந்தது. பின்னால் பெட்ரோல் தகரம் இருந்தது. நடுவிலே ஸ்டேரிங் ஒன்று செடி முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. கதவு இல்லை, கூரை இல்லை, மட்கார்டு இல்லை, தரை இல்லை, சீட் இல்லை. தோலுரித்த கோழி மாதிரி நின்றது. துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்து சந்தோஷமாகத் தட்டிக் கொடுத்தார். கடைப் பையன்கள் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டேரிங்குக்குப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். அதுதான் ஆசனம் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. டிரைவருக்கு விளக்கம் சொல்கிற வழக்கம் துரைகளுக்குக் கிடையாது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துரை தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ கொண்டு வா. மெள்ள ஓட்டு” என்றார். நாயைக் கூட்டிக்கொண்டு, அங்கே வந்திருந்த டாக்டர் சிநேகிதரின் காரில் ஏறிக் கிளப்புக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஓட்டிய ஓட்டத்தை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். ஈப்போ எல்லை தாண்டும் முன்பே மழை பிடித்தது. மட்கார்டு இல்லாத சக்கரங்கள் நாலும் சேற்றை வாரி என் மேல் அடித்தன. வழியில் செம்மோரில் கடை வாசலில் நின்றவர்கள் எழுந்து வந்து சிரித்தார்கள். ஒருத்தர், “எங்கப்பா மீதிக் காடி?” என்று கேட்டார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எத்தனை காலத்துக்கு அப்புறம் கையில் ஸ்டேரிங். நான் திருப்பினால் திரும்பியது, நான் மிதித்தால் பறந்தது. சுண்ணாம்பு மலைகள் மழையில் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே பாடினேன், வாய் நிறையச் சேறு வந்ததும் நிறுத்தினேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

தோட்டத்தில் தடபுடல் நடந்துகொண்டிருந்தது. மூன்று சீட் வண்டி வருகிறது என்று கிராணி அறிவித்திருந்தார். லயத்து முன்னால் தென்னங்குருத்துத் தோரணம், தப்பு மேளம், தாம்பாளத்தில் கற்பூரம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். மழை விட்டதும் விடாததுமாக நான் திரும்பினேன். தப்படிக்கிறவர் கை அந்தரத்திலேயே நின்றது.

கூட்டம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. ஒரு பெண் மட்டும், “ஐயோ பாவம் தொர, யாரோ அவர ஏமாத்திப்புட்டானுங்க” என்றாள். எல்லோரும் கிராணியைப் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். அவர் முகத்தில் நெற்றி மட்டும் வேர்த்திருந்தது. பிறகு திரும்பிச் சொன்னார்: “இதுதான் புது மாடல். பாரத்தைக் குறைச்சால் வேகம் கூடும். அதுக்காக வேண்டாததெல்லாத்தையும் எடுத்துப்போட்டாங்கள். நான் பத்திரிகையிலை வாசிச்சனான்.”

படித்தவர் சொன்னால் ஆச்சு. தப்பு மேளம் மறுபடி தொடங்கியது. அச்சுக்கு விபூதிப் பட்டை போட்டார்கள், எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் பெட்டியை விட்டு இறங்காமல் கங்காணியைப் பார்த்தேன். ஊரும் பார்த்தது. ஆத்தா பேரில் சொன்ன சொல்லை யாரும் மறந்திருக்கவில்லை.

“ஒக்காந்து வரணும்னுதான் சொன்னேன்” என்றார் கங்காணி. “இவன் மண்ணெண்ணப் பொட்டி மேல குந்திக்கிட்டு வந்திருக்கான். இது சீட்டா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது சீட் இல்லை என்றால், வண்டியும் முழு வண்டி இல்லை என்றாகும். முழு வண்டி இல்லை என்றால் கிராணி ஒரு வருஷமாக அளந்ததெல்லாம் பொய்யாகும். கிராணிக்கு அது புரிய நேரமாகவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “கங்காணி, வடிவாப் பாரும். கம்பனியே கட்டி அனுப்பின இருக்கை. கயிறு கூடச் சீமைக் கயிறு. இந்த மாடலுக்கு இதுதான் சீட். இருக்கிறது ஒண்டு, அதிலை இருக்கிறவன் இவன்.”

என் பக்கம் நின்று அவர் பேசியது அந்த ஒரு நாள்தான், அதுவும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. இருந்தாலும் கங்காணி அசையவில்லை. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அவர் மகள் முன்னால் வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

“நல்லா பாருங்கப்பா. இதுல நாயி ஒக்கார எடமே இல்லியே.”

தோட்டமே சிரித்தது. கங்காணியும் மீசைக்குள்ளே சிரித்துவிட்டார், சிரித்த பிறகு முறைக்க முடியவில்லை. எரிகிற கற்பூரத்துக்கு முன்னாலேயே, அன்று மாலையே, குசினிக்காரர் எனக்கு அண்ணனாக நின்று தட்டு மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் துரை வந்தார். கையில் சாக்கட்டி, அளவு நாடா, பக்கத்தில் நாய். தோட்டத்துக் கிடங்கில் காய்ந்துகொண்டிருந்த நல்ல பலகைகளைத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் தரையில் கோடு போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து அளந்தார். அடுத்து நாயை உட்கார வைத்து அளந்தார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் வாங்கியது உடம்பில்லாத வண்டி. உடம்பை அவர் இஷ்டத்துக்கு ஈப்போவிலுள்ள சீனத் தச்சர் மரத்தில் செய்வாராம். கிராணி அந்த வாரம் முழுக்க ஆபீசை விட்டு வெளியே வரவில்லை. கங்காணி கோயில் வரைக்கும் போய் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆத்தா முன்னால் மாற்றிய தட்டை என்ன செய்ய முடியும்? தச்சர் பலகை இழைத்துக்கொண்டிருந்த மாதங்களுக்குள் எங்கள் கல்யாணம் முடிந்தது.

உடம்பு வந்தது. குசினிக்காரர் சொன்ன வால் இருந்தது, கிராணி சொன்ன பித்தானும் இருந்தது. இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாக இன்றைக்கும் சொல்வார்கள். சீட் இரண்டு. ஒன்று துரைக்கு, இன்னொன்று அன்றைக்கு அளவு கொடுத்த இன்னொருவருக்கு. துரை ஏறி உட்கார்ந்து பித்தானைக் காலால் ஒரு மிதி மிதித்தார், வண்டி தானாக உறுமியது. கால்பலகை கூட வைக்கவில்லை. “நீ நல்ல ஆள். நாளைக்குப் பெரட்டுக்குப் போ” என்றார். பெரட்டு என்றால் விடியலில் பால் வெட்டுக்காரர்களைப் பேர் கூப்பிட்டு நிறுத்துகிற இடம். துரை வஞ்சகமாகச் சொல்லவில்லை, அதனால் திட்டக்கூட முடியவில்லை.

தொப்பியைக் கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தேன். டிரைவருக்கு என்று பெண் கொடுத்தார்கள், இன்றைக்கு நான் டிரைவர் இல்லை. மாமனார் சொல்லப்போவதைக் கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் எனக்கு அழுகை வந்தது. வழியிலேயே கொஞ்சம் அழுது முடித்துவிட்டுத்தான் போனேன்.

வாசலில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிரவில்லை.

“தெரியும். பித்தான் வருதுன்னு கிராணி சொன்னப்பவே தெரியும். அப்பாகிட்ட சண்டை போட்டு, ஒங்களுக்கும் வெட்ட ஒரு நெறை மரம் வாங்கி வச்சிருக்கேன். நல்ல மரம், பால் நிக்காம ஓடும்.”

நான் அவள் எதிரே குந்தினேன். இத்தனை காலம் சீட் கணக்குப் பார்த்த புத்தி, என்ன கேட்பது என்று தெரியாமல் அதையே கேட்டது. “என் நெறை ஒனக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவள் கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

“பக்கத்துல” என்றாள்.